வேவு பார்க்க வந்த வண்டி



மாக் மண்டினிலும் பட்டர்வொர்த் சுற்றுவட்டாரத்திலும் குடியிருக்கும் நம்மவர்கள், விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவுக்குப் போவது வழக்கம். பாலம் வந்த பிறகும் ஃபெர்ரிப் பயணத்தின் சுகம் தனிதான். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் கெடா எல்லையிலிருந்தும் வருகிறவர்களும் அப்படியே. தீவுக்குப் போனால் காற்று வாங்கக் கர்னி டிரைவ் கடற்கரைக்குப் போகாதவர் குறைவு. இந்தக் கர்னி யார் என்று ஒரு பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்?

சர் ஹென்றி கர்னி 1948-ஆம் ஆண்டு அக்டோபரில் மலாயாக் கூட்டரசின் ஹைகமிஷனராக வந்தவர். நாட்டில் அவசரகாலம் பிறந்து அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடு முழுவதும் அவசரகாலச் சட்டம் வந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அது நீடித்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் புழுதி கிளப்பிக்கொண்டு போன ஒரு சிறிய இரும்பு வண்டியைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம். அதன் பெயர் வேவுக் கவச வண்டி.

1951 அக்டோபர் 6, சனிக்கிழமை. கர்னி தம் மனைவியுடனும் அந்தரங்கச் செயலாளருடனும் கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குப் புறப்பட்டார். முன்னால் போலீஸ்காரர்கள் ஏறிய லேண்ட் ரோவர். அடுத்து கர்னியின் ரோல்ஸ் ராய்ஸ் கார். பின்னால் ஒரு வேவுக் கவச வண்டி. இவற்றோடு கம்பியில்லாத் தந்திக் கருவி பொருத்திய வேன் ஒன்றும் புறப்பட்டது. ஆனால் வழியில் அதன் எஞ்சின் கோளாறாகி நின்றுவிட்டது. வேனை விட்டுவிட்டு மற்ற வண்டிகள் மலையேறின. கோலகுபு பாருவைத் தாண்டிய பிறகு சாலை பாம்புபோல் வளையும். ஒரு பக்கம் மலைச்சரிவு, மறுபக்கம் பள்ளம். அங்கே கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மறைந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் சியூ மா என்பவன்.

முதல் வேட்டில் லேண்ட் ரோவர் நின்றது. ரோல்ஸ் ராய்ஸ் ஓட்டுநர் அடிபட்டார். கார் நின்றது. கர்னி கதவைத் திறந்துகொண்டு இறங்கிச் சாலையோரத்தை நோக்கி நடந்தார். குண்டுகள் அவரைத் தேடிச் சென்றன. அங்கேயே விழுந்து இறந்தார். மனைவியும் செயலாளரும் காருக்குள் தரையோடு தரையாகக் கிடந்து உயிர் தப்பினார்கள். பின்னால் வந்த வேவு வண்டி ஒருவழியாகக் காரைக் கடந்து, உதவி கேட்டு முன்னே விரைந்தது. கர்னி மனைவியைக் காப்பாற்றவே இறங்கினார், சுடுகிறவர்களைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று அக்காலத்தில் பரவலாகச் சொன்னார்கள். கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைவர் சின் பெங் 2003-இல் வெளியிட்ட தம் வரலாற்றில், காருக்குள் இருந்தவர் யாரென்று தம் ஆட்களுக்குத் தெரியாது, ஆயுதங்களுக்காகவே அவர்கள் சாலையில் காத்திருந்தார்கள் என்று எழுதினார்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வேவு பார்க்கும் வண்டி வரிசையின் கடைசியில் வந்தது. செய்தி சொல்லும் வேன் வழியிலேயே நின்றுவிட்டது. கண் பின்னால் இருந்தது, வாய் இல்லாமலே போயிற்று. கவசத்துக்குக் குறைவில்லை. அந்த வண்டியை எதற்காகச் செய்தார்களோ, அதற்கு அன்று அது பயன்படவில்லை.

அப்படியானால் எதற்காகச் செய்தார்கள்?

ஒரு படை நகரும்போது, எதிரி எங்கே இருக்கிறான், எத்தனை பேர், பாலம் உடைந்திருக்கிறதா, சாலையில் கண்ணி வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். பழங்காலத்தில் இதற்குக் குதிரை வீரர்களை முன்னே அனுப்பினார்கள். குதிரையின் இடத்துக்கு மோட்டார் வந்தபோது வேவு வண்டி பிறந்தது. டாங்கி சண்டை போடுவதற்கு. வேவு வண்டி பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வதற்கு. அதனால் அது சிறியதாக இருக்க வேண்டும், அதிகச் சத்தம் போடக் கூடாது, வேகமாக ஓட வேண்டும். துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் அளவுக்குக் கவசம் போதும். பீரங்கிக் குண்டைத் தாங்கும் கனத்தை ஏற்றினால் ஓடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, நல்ல கம்பியில்லாத் தந்திக் கருவி ஒன்று உள்ளே இருக்க வேண்டும். திரும்பி வராத ஒற்றனால் பயனில்லை. வந்தும் வாய் திறக்காதவனாலும் பயனில்லை.

நம் நாட்டுச் சாலைகளுக்குக் கவச வண்டி அவசரகாலத்தில்தான் முதன்முதல் வந்தது என்று எண்ண வேண்டாம். ஜப்பானியர் படையெடுத்தபோது, ஆர்கைல் என்ற ஸ்காட்லாந்துப் படையினரிடம் லான்செஸ்டர் என்ற ஆறு சக்கரக் கவச வண்டிகள் இருந்தன. அவை 1920-களின் இறுதியில் செய்யத் தொடங்கியவை. போர் வந்தபோது கிழடு தட்டியவை. பிரிட்டிஷார் மலாயாவில் ஒரு டாங்கியும் வைத்திருக்கவில்லை. இந்தக் காட்டு நாட்டில் டாங்கி ஓடாது என்ற நினைப்பு. ஜப்பானியர் டாங்கி கொண்டுவந்தார்கள். 1942 ஜனவரி 7-ஆம் நாள் விடியுமுன் சிலிம் ரிவர் சாலையில் அந்த டாங்கிகள் தடைகளை உடைத்துக்கொண்டு பல மைல் ஓடின. ஒரே காலையில் இரண்டு பிரிகேட் படைகள் சிதறின. ஆனால் ஜப்பானியருக்கு வேவு பார்த்துக் கொடுத்த வாகனங்களில் மிகச் சிறந்தது எது தெரியுமா, நேயர்களே? சைக்கிள்! கவசம் இல்லை, பெட்ரோல் வேண்டாம், சத்தம் இல்லை. பாலம் உடைந்திருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடலாம். தோட்டத்துச் சிறு பாதைகளும் அதற்குச் சாலைதான். பிரிட்டிஷார் நெடுஞ்சாலையைக் காவல் காத்துக்கொண்டிருக்க, ரப்பர் மரங்களுக்கு இடையே சைக்கிள்கள் சுற்றிக்கொண்டு பின்னால் போய்விட்டன. இந்தச் செய்தியைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

அந்தப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் டெய்ம்லர் என்ற மோட்டார் நிறுவனம் டிங்கோ என்ற சிறிய வேவு வண்டியைச் செய்து பெயர் வாங்கியது. இரண்டு பேர் உட்காரும் வண்டி. போர் முடியுமுன் ஆறாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அவசரகாலத்தின் முதல் ஆண்டுகளில் மலாயாவுக்கு வந்த பிரிட்டிஷ் குதிரைப்படைப் பிரிவுகள் இத்தகைய பழைய டெய்ம்லர் வண்டிகளை வைத்துக்கொண்டுதான் சாலைகளில் சுற்றின. குதிரைப்படை என்பது பெயரளவில்தான். குதிரைகள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

கர்னி கொல்லப்பட்ட மறு ஆண்டு, 1952-இல், டிங்கோவின் வாரிசாக அதே டெய்ம்லர் ஆலையிலிருந்து ஒரு புதிய வண்டி வரத் தொடங்கியது. அதன் பெயர் ஃபெரட். நம் தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கும் இதற்கும் உறவில்லை. ஃபெரட் என்பது கீரியைப் போன்ற, நீண்ட உடம்புள்ள ஒரு சிறு பிராணி. ஆங்கிலேயர் அதை வளர்த்து, முயல் வளைக்குள் விட்டு முயலை வெளியே துரத்துவார்கள். வளைக்குள் நுழைந்து தேடும் பிராணியின் பெயரை வேவு வண்டிக்கு வைத்தது பொருத்தந்தான்.

இந்த வண்டியின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொன்னால் கேட்பதற்குச் சுவையாக இருக்கும். பட்டறையிலும் லாரியிலும் கை பழகியவர்கள் நம்மில் பலர் உண்டல்லவா?

ஃபெரட்டின் நீளம் ஏறக்குறைய 3.8 மீட்டர். ஒரு சாதாரணக் காரைவிடக் குட்டைதான். ஆனால் கோபுரம் வைத்த வண்டியின் எடை 4 டன்னுக்கு மேல். சேஸிஸ் என்று தனியாக ஒன்று இதற்குக் கிடையாது. எஃகுத் தகடுகளை ஒட்டவைத்த பெட்டியே உடம்பு, அதுவே எலும்பு. ஓட்டுநர் முன்பக்கம் நடுவில் உட்காருவார். தலைவர் அவருக்குப் பின்னால், கோபுரத்தில் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார், அல்லது உட்காருவார். அவர் கைக்கு எட்டும்படி ஓர் இயந்திரத் துப்பாக்கி. கோபுரமில்லாமல் மேலே திறந்த வகையும் உண்டு. எஞ்சின் பின்னால் இருக்கும். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் செய்தது. ஆம், கர்னியின் காரைச் செய்த அதே நிறுவனந்தான்.

கவசத்தின் தடிப்பு மிகுந்த இடத்தில் 16 மில்லிமீட்டர். துப்பாக்கிக் குண்டு துளைக்காது. சக்கரத்தில் குண்டு பட்டுக் காற்று இறங்கினாலும் கொஞ்ச தூரம் ஓடும்படி டயர் செய்யப்பட்டிருந்தது. நல்ல சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வரை போகும்.

எல்லாவற்றிலும் வியப்பானது அதன் கியர். முன்னோக்கி ஐந்து. பின்னோக்கியும் ஐந்து! முன்னே போகும் வேகத்திலேயே பின்னேயும் ஓடலாம். ஒரு வளைவில் திரும்பும்போது எதிரே தடையும் துப்பாக்கியும் தெரிந்தால், குறுகிய சாலையில் வண்டியைத் திருப்ப நேரம் இருக்காது. அப்படியே பின்வாங்கி ஓட வேண்டியதுதான். பார்த்துவிட்டுத் திரும்புவதற்கான வண்டி என்று நாம் முன்பு சொன்னது, அந்தக் கியர்ப் பெட்டிக்குள்ளேயே எழுதியிருந்தது. ஸ்டியரிங் சக்கரம்கூட வழக்கமான காருக்கு எதிர்ச் சாய்வாக வைத்திருந்தார்கள். கியர் மாற்றும் முறையும் வேறு. முதலில் கைப்பிடியால் எந்தக் கியர் வேண்டுமோ அதைத் தேர்ந்து வைத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் இடது காலால் மிதியை அழுத்த வேண்டும். முழுவதுமாக அழுத்தாமல் அரைகுறையாக மிதித்தால் அது திருப்பி உதைக்கும். புதிதாகப் பழகுகிறவர் முழங்காலைத் தடவிக்கொள்ள வேண்டியதுதான்.

1971 வரை இவ்வகை வண்டிகள் 4,409 செய்யப்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின. இந்தியப் படையிடமும் இலங்கைப் படையிடமும் இருந்தன. அதே காலத்தில் படைவீரர்களை ஏற்றிச் செல்ல சாரசென் என்ற ஆறு சக்கரக் கவச வண்டியும் வந்தது. மலாயாவில் அவசரத் தேவை இருந்ததால்தான் அதை மற்றவற்றுக்கு முந்திச் செய்து முடித்தார்கள்.

மலாயாவுக்கு இத்தகைய வண்டி ஏன் தேவைப்பட்டது? இங்கே சாலை என்பது இரண்டு பச்சைச் சுவர்களுக்கு நடுவே போகும் சந்து. ஒரு பக்கம் காடு, மறு பக்கம் ரப்பர், அல்லது ஆள் உயர லாலான். வளைவுக்கு வளைவு பதுங்க இடம். கெரில்லாக்களிடம் இருந்தவை பெரும்பாலும் ரைபிள், ஸ்டென், பிரென் துப்பாக்கிகள். ஜப்பானியரை எதிர்க்க பிரிட்டிஷாரே போர்க்காலத்தில் கொடுத்தவை அவற்றில் பல. டாங்கியை உடைக்கும் பெரிய ஆயுதம் அவர்களிடம் கிடையாது. ஆகவே மெல்லிய கவசமே போதுமானதாயிற்று. தோட்டத்துப் பாலங்களும் ஒரு காரணம். ரப்பர் ஏற்றிய லாரி போகும் மரப்பாலத்தில் நான்கு டன் வண்டியும் போய்விடும். டாங்கி ஏறினால் பாலமும் டாங்கியும் சேர்ந்து ஆற்றுக்குள்தான்.

அரசாங்கத்து வண்டி வருமுன் துரைமார்கள் தாங்களே கவசம் பூட்டிக்கொண்டார்கள். ஃபோர்டு காரையோ ஜீப்பையோ பட்டறையில் விட்டு, நாலாபுறமும் இரும்புத் தகடு அடித்து, கண் வைத்துப் பார்க்க ஒரு பிளவு விட்டு ஓட்டினார்கள். தகட்டின் கனத்தில் ஸ்பிரிங் உட்கார்ந்துவிடும். பிரேக் பிடிக்காது. மத்தியான வெயிலில் உள்ளே அடுப்புதான். படைவீரர்களின் வண்டியிலும் இதே தொல்லை உண்டு. அதனால்தான் பழைய படங்களில் பெரும்பாலும் மூடியைத் திறந்து வைத்து, தலையும் தோளும் வெளியே தெரிய நிற்கிறார்கள். வெக்கை தாங்காமல் கவசத்துக்கு வெளியே வந்துவிட்ட மனிதர்கள்!

இனி, தோட்டத்தின் கதைக்கு வருவோம்.

சம்பள நாள் என்றால் பட்டணத்து வங்கியிலிருந்து தோட்டத்துக்குப் பணம் வர வேண்டும். அந்தப் பணப்பெட்டிக்குக் காவலாகக் கவச வண்டி வரும். உணவு லாரிகள் கூட்டமாகப் போகும்போது முன்னும் பின்னும் வரும். பெரிய அதிகாரிகள் வந்தால் வரும். அதாவது, வேவு பார்க்கச் செய்த வண்டி காவல்காரனாகிவிட்டது. இது அந்த வண்டியின் குற்றமல்ல. அது சாலையை விட்டு இறங்க முடியாது. எதிரியோ சாலையில் இல்லை. சாலைக்கு நூறு அடி உள்ளே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. சாலையோரத்துப் புதரையும் மரத்தையும் வெட்டி வெளியாக்கினார்கள். அப்போதும் வண்டியின் பார்வை வெட்டிய இடம் வரைதான் போயிற்று.

உள்ளே நடப்பதைப் பார்த்தவர்கள் யார்? விடியும் வேளையில் வாளியும் கத்தியுமாகத் தன் வரிசைக்குப் போன பால்மரத் தொழிலாளி. காட்டோரத்து வரிசையில் தனியாக மரம் வெட்டிக்கொண்டிருந்த பெண். ஈர மண்ணில் புதிய செருப்புத் தடத்தை அவள்தான் முதலில் கண்டாள். அணைந்த அடுப்பின் சாம்பலையும், பட்டை சீவி நாசமாக்கிய மரங்களையும் கண்டவளும் அவளே. நான்கு டன் எஃகுக்கும் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினுக்கும் தெரியாதது, கொசுவர்த்திச் சுருள் இடுப்பில் புகைய நடந்தவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவளுக்குக் கவசம் ஏது? போலீஸ் வந்து “யாரைப் பார்த்தாய்?” என்று கேட்கும். இரவில் மற்றவர்கள் வந்து “யாரிடம் சொன்னாய்?” என்று கேட்பார்கள். இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான் பலருக்குத் தெரிந்தது: ஒன்றும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் சிலர் இதைக் கோழைத்தனம் என்று எழுதினார்கள். இரும்புக்குள் உட்கார்ந்து வந்தவர்கள் அப்படிச் சொல்வதற்கு உரிமையுடையவர்கள் என்று நாம் கருதவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். பாதுகாப்புப் படையினரில் மாண்டவர்கள் ஏறக்குறைய 1,900 பேர். வண்டியில் வந்தவர்களைக் காட்டிலும் நடந்து போனவர்களே அதிகம் மாண்டார்கள்.

1950-இல் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். தோட்டங்களில் என்ன செய்தார்கள் என்றால், தள்ளித் தள்ளி இருந்த லயங்களைக் கலைத்து ஒரே இடத்தில் கூட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். வாசலில் சோதனை. ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நாடு முழுவதும் பல்லாயிரம் பேர் சேர்க்கப்பட்டு, தோட்டத்து வாசல்களில் நிறுத்தப்பட்டார்கள். காட்டுக்கு உணவு போகக் கூடாது என்பதற்காக அரிசிக்குப் பங்கீடு. சில பகுதிகளில் அரிசியைக் கையிலேயே கொடுக்காமல் பொதுச் சமையலாகச் சோறாகவே கொடுத்தார்கள். டின் உணவு வாங்கினால் கடையிலேயே டின்னில் ஓட்டை போட்டுக் கொடுப்பார்கள், சேர்த்து வைத்து யாருக்கும் அனுப்ப முடியாதபடி. வேலைக்குப் போகிறவர் மத்தியானச் சோற்றை வேலிக்கு வெளியே எடுத்துப் போகத் தடை. ஊரடங்கு நீங்கிய பின்புதான் மரத்துக்குப் போக முடியும் என்ற இடங்களில் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் பால் குறையும், பால் குறைந்தால் கூலி குறையும். போர்ச் செலவில் ஒரு பங்கு இப்படி வாளிக் கணக்கில் நம் முன்னோரிடமிருந்து பிடிக்கப்பட்டது. அது எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை.

கர்னிக்குப் பின் 1952 பிப்ரவரியில் ஜெனரல் டெம்ப்ளர் வந்தார். மார்ச் மாத இறுதியில் தஞ்சோங் மாலிம் அருகே, உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்கப் போன அதிகாரிகளும் போலீஸ்காரர்களுமாகப் பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். டெம்ப்ளர் நேரே அந்த ஊருக்குப் போய், நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு போட்டார். அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள் கொடுத்து, தெரிந்ததைப் பெயர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார். கவச வண்டியால் காண முடியாததைக் காகிதத்தால் காண நினைத்தார் அவர். குற்றம் செய்யாதவர்களையும் சேர்த்துத் தண்டித்த அந்த முறை இங்கிலாந்திலேயே கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஆனாலும் ஒன்றை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார். செய்தி மக்களிடம் இருந்தது, சாலையில் இல்லை.

காட்டுக்குள் உண்மையான வேவு காலால்தான் நடந்தது. சரவாக்கிலிருந்து ஈபான் தடங்காண்போர் வந்தார்கள். மடங்கிய இலையைப் பார்த்து எத்தனை பேர், எப்போது போனார்கள் என்று சொல்லக் கூடியவர்கள். ஓராங் அஸ்லி மக்களைக் கொண்டு செனோய் பிராக் என்ற படை 1956-இல் அமைந்தது. 1950-இல் கால்வர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி மலாயன் ஸ்கவுட்ஸ் என்ற தனிப்படையைத் திரட்டினார். எஸ்.ஏ.எஸ். என்ற புகழ்பெற்ற சிறப்புப் படை போருக்குப் பின் மறுபிறப்பு எடுத்தது இந்தப் படையால்தான். இதே எஸ்.ஏ.எஸ். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் துப்பாக்கி பூட்டிய ஜீப்புகளில் பறந்து பெயர் பெற்றது. மலாயாவுக்கு வந்ததும் ஜீப்பை மறக்க வேண்டியதாயிற்று. 1952 பிப்ரவரியில் வடபேராக்கின் பெலும் பள்ளத்தாக்கில் அவர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். காட்டு மரங்களின் உச்சியில் பாராசூட் சிக்கிக்கொள்ளும். அங்கிருந்து கயிறு விட்டு இறங்க வேண்டும். பலர் எலும்பு முறிந்தார்கள். அந்தப் படையில் ஒரு பிரிவு 1958 நவம்பரில் மலாயாவிலிருந்து நேரே அரபு நாடான ஓமனுக்குப் போயிற்று. மொட்டை மலையும் பாறையுமான அந்த நாட்டில் ஃபெரட் வண்டிகளும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தன. மரமில்லாத இடத்தில் வண்டிக்குக் கண் தெரிந்தது.

நம் நாட்டுக்கென்று கவசப் படையும் இந்த ஆண்டுகளில்தான் உருவாயிற்று. 1952-இல் மலாயாக் கூட்டரசின் கவச வண்டிப் பிரிவு தொடங்கப்பட்டது. இன்றைய அரச கவசப் படையின் வேர் அதுவே. விடுதலைக்குப் பின், 1960 அக்டோபரில் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்றுப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அரசாங்கம் ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டுக்கு மலாயா சிறப்புப் படையை அனுப்பியது. அவசரகாலம் முடிந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை! நம் வீரர்கள் ஃபெரட் வண்டிகளோடு போனார்கள். 1963 வரை அங்கே பணிபுரிந்தார்கள். நம்மைக் காவல் காக்க வெளிநாட்டார் கொண்டுவந்த வண்டியில், நாம் வேறொரு நாட்டில் அமைதி காக்கப் போனோம்.

பின்னர் 1960-களின் இறுதியில் கம்யூனிஸ்டுகள் தாய்லாந்து எல்லையில் மீண்டும் தலையெடுத்தார்கள். 1968 ஜூன் 17-ஆம் நாள் குரோ–பெத்தோங் சாலையில் நடந்த பதுங்குத் தாக்குதலில் பாதுகாப்புப் படையினர் 17 பேர் உயிரிழந்தார்கள். மறுபடியும் சாலை, மறுபடியும் வளைவு. நம் படை பிரான்சு நாட்டுப் பனார்ட் வண்டிகளையும் அமெரிக்கக் கமாண்டோ வண்டிகளையும் வாங்கியது. ஃபெரட் மெல்ல ஒதுங்கியது. பிரிட்டிஷார் மட்டும் 1991 வளைகுடாப் போர் வரை அதை விடவில்லை.

மாக் மண்டினில் பினாங்கு மாநிலத்தின் முதல் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்கு வந்தார்கள். முள்வேலிக் காலத்தில் பிறந்தவர்கள் அவர்களில் நிறைய. அவர்களிடம் கேட்டால் போர் என்று எதுவும் சொல்ல மாட்டார்கள். வாசலில் அம்மாவின் தூக்குச்சட்டியைத் திறந்து பார்த்த போலீஸ்காரரைச் சொல்வார்கள். புழுதியோடு போன வண்டியின் பின்னால் ஓடியதைச் சொல்வார்கள். போர்ட் டிக்சன் இராணுவ அருங்காட்சியகத்தில் பழைய கவச வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பேரப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். தோட்டத்து வாசலையும் தூக்குச்சட்டியையும் அங்கே யாரும் வைக்கவில்லை. அதை வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

1970-இல் கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் போடத் தொடங்கியபோது, துப்பாக்கிக் காவலோடுதான் காடு வெட்டினார்கள். 1974-இல் கெரில்லாக்கள் அங்கே சாலை போடும் இயந்திரங்களை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1982-இல் சாலை திறந்தது. 1989 டிசம்பர் 2-ஆம் நாள் ஹாட் யாயில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று, கம்யூனிஸ்டுகள் ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள். எஸ்.ஏ.எஸ். வீரர்கள் மரக்கிளையில் தொங்கிய பெலும் காட்டின் ஓரமாகத்தான் அந்தச் சாலை போகிறது. பட்டர்வொர்த்திலிருந்து கிளந்தானுக்குக் காரிலும் பஸ்ஸிலும் போகிறவர்கள் இப்போது அங்கே வேகத்தைக் குறைப்பது, யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருக்கும் வளைவுகளில்தான்.